புதிய மனைப்பிரிவில் சாலை வேலை முடியும்வரை மழைநீரை என்ன செய்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உச்சிப்புளி, மண்டபம், தேவிபட்டினம், கீழக்கரை, சாயல்குடி என்று இராமநாதபுரம் கடலோரம் நெடுகிலும் பனங்காடுகளும் பொட்டல்களும் மனைப்பிரிவுகளாகி வருகின்றன. மனை வாங்கியவர் வீடு கட்டத் தொடங்கும்போது தெருவில் கிராவலோ (செம்மண் சரளை) ஜல்லியோதான் கிடக்கும். தார் விழுவதற்குள் இரண்டு மூன்று மழைக்காலங்கள் கடந்துவிடும். அந்த ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் எனக்கு வரும் கேள்விகளையும், சாலை மற்றும் வாறுகால் (தெருவோர மழைநீர் வடிகால்) வேலைகளில் மேற்பார்வையாளராக இருந்த அனுபவத்தில் நான் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

சாலையை ஒரே மூச்சில் போட்டு முடித்தால் என்ன? ஏன் கட்டம் கட்டமாக இழுக்கிறார்கள்?

இதில் மனை விற்றவரைக் குறை சொல்ல மாட்டேன். கட்டம் கட்டமாகப் போடுவதுதான் சரி. வீடு கட்டும் காலத்தில் மணல் லாரி, செங்கல் லாரி, கம்பி லாரி, ஆழ்துளைக் கிணறு போடும் வண்டி எல்லாம் அந்தத் தெருவில்தான் வரும். குடிநீர்க் குழாய்க்காக ஒருவர் தோண்டுவார். மின்கம்பிக்காக இன்னொருவர் தோண்டுவார். 2 செ.மீ. கனமுள்ள தார்த்தளம் இதையெல்லாம் தாங்காது. ஆகவே முதலில் கிராவல், பிறகு ஜல்லி, பெரும்பாலான வீடுகள் எழும்பிய பிறகு தார் என்ற வரிசை நியாயமானதே.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. சாலையைக் கட்டம் கட்டமாகப் போடுகிறவர்கள் வாறுகாலை மட்டும் கடைசிக் கட்டத்துக்கு ஏற்றபடி முதல் நாளே கட்டிவிடுகிறார்கள். இடையில் பெய்யும் மழைக்குப் போக்கிடம் இல்லாமல் போகிறது.

வாறுகால் கட்டியாகிவிட்டது. ஆனாலும் தண்ணீர் தெருவில்தான் நிற்கிறது. ஏன்?

உச்சிப்புளிக்கு அருகே ஒரு மனைப்பிரிவில், கார்த்திகை மாதத்து விடியற்காலை ஒன்றில் இதை நேரில் பார்த்தேன். இரவெல்லாம் மழை. தெருவில் கணுக்காலுக்கு மேல் செம்மண் கரைந்த தண்ணீர். அதை ஒட்டியே புத்தம்புது கான்கிரீட் வாறுகால். உள்ளே எட்டிப் பார்த்தேன். வானத்திலிருந்து நேராக விழுந்த மழையின் ஈரம் மட்டும்தான் இருந்தது. ஒரு சிமெண்ட் பையும் இரண்டு பனையோலைகளும் நகராமல் கிடந்தன. வாறுகால் சுவருக்கு இந்தப் பக்கம் குளம், அந்தப் பக்கம் வெறுமை.

அங்கே குடியிருந்த பெரியம்மா ஒருவர், "வாறுகால் கட்டினால் தண்ணீர் போய்விடும் என்றார்கள் தம்பி. கட்டிய பிறகுதான் தண்ணீர் நிற்கிறது" என்றார். அவர் சொன்னது முழு உண்மை. முன்பெல்லாம் அந்தத் தண்ணீர் பக்கத்துக் காலி மனைகளில் பரவி வடிந்துவிடும். இப்போது வாறுகால் சுவரே அதை மறிக்கும் கரையாகிவிட்டது.

கணக்கைப் பாருங்கள். கிராவல் 15 செ.மீ.; அதன் மேல் 7.5 செ.மீ. வீதம் இரண்டு அடுக்கு ஜல்லி. அதற்கு மேல் 2 அல்லது 3 செ.மீ. தார். கிராவல் முடிந்த நிலையில் இன்னும் ஏறத்தாழ 18 செ.மீ. உயரம் பாக்கி இருக்கிறது. வாறுகாலின் மேல்விளிம்பை இறுதிச் சாலை மட்டத்துக்குக் கட்டிவிட்டால், அது இன்றைய தெருவைவிட 18 செ.மீ., அதாவது 7 அங்குலம், உயர்ந்து நிற்கும். தண்ணீர் ஏழு அங்குலம் ஏறித்தான் வாறுகாலில் விழ வேண்டும். அதற்குள் தெருவில் உள்ள தாழ்ந்த வீடுகளின் வாசலுக்குத் தண்ணீர் வந்துவிடும்.

அப்படியானால் வாறுகாலை எப்படிக் கட்டுவது?

கட்டுவதற்கு முன்பே கேட்டால் என் பதில் இதுதான்: சுவரை இப்போதைய தெரு மட்டத்தோடு நிறுத்துங்கள். ஒவ்வொரு அடுக்கு ஏறும்போதும் சுவரையும் ஏற்றுங்கள். கம்பி கட்டிய கான்கிரீட் என்றால் மேலே நீட்டிய கம்பியைத் துருப்பிடிக்காமல் சிமெண்ட் பால் பூசி வைக்க வேண்டும். கடலோர உப்புக்காற்றில் ஒரே வருடத்தில் கம்பி பொரிந்துவிடும். அதனால் நம் பகுதியில் கடைசி ஏற்றத்தைச் செங்கல்லிலோ திடக்கல்லிலோ வைத்துக்கொள்வது நல்லது.

முழு உயரத்துக்கும் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால், சுவரில் சன்னல் விடுங்கள். 30 செ.மீ. அகலம், 15 செ.மீ. உயரம் போதும். சன்னலின் அடிவிளிம்பு இன்றைய கிராவல் ஓரத்தைவிட ஓர் அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும். 8 முதல் 10 மீட்டருக்கு ஒன்று வையுங்கள். தெருவின் தாழ்ந்த இடங்களிலும் முச்சந்திகளிலும் இடைவெளியைப் பார்க்காமல் கட்டாயம் ஒன்று வேண்டும். கான்கிரீட் ஊற்றும்போதே பலகைக்கு நடுவே தெர்மகோல் கட்டை வைத்தால் சன்னல் தானாக அமைந்துவிடும். ஜல்லி அடுக்கு ஏறும்போது சன்னலின் கீழ்ப்பகுதியைச் செங்கல் வைத்து அடைத்துக்கொண்டே வரலாம்.

ஏற்கெனவே கட்டி முடித்துவிட்டார்களா? அப்போதும் வழி உண்டு. சம்மட்டியால் அடித்து உடைக்காதீர்கள். சுவர் நெடுக விரிசல் ஓடும். கான்கிரீட்டில் துளை போடும் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து 10 செ.மீ. துளைகளை அடுத்தடுத்து மூன்று நான்காகப் போடுங்கள். நான் முதலில் சொன்ன அந்தத் தெருவில் இதைத்தான் செய்தோம். முதல் துளை திறந்ததும் தண்ணீர் சத்தத்தோடு உள்ளே பாய்ந்தது. அன்று பிற்பகலுக்குள் தெருவின் கிராவல் கண்ணுக்குத் தெரிந்தது.

திறந்த சன்னல் வழியாக மண்ணும் சேர்ந்து போய் வாறுகாலை அடைத்துவிடாதா?

அடைத்துவிடும். தார் இல்லாத தெருவில் தண்ணீர் சுத்தமாக வராது. ஒவ்வொரு சன்னலுக்கும் முன்னால் 40 மி.மீ. ஜல்லியை ஒரு கூடை அளவுக்குக் குவித்து வையுங்கள். வேகம் தணிந்து மண் வெளியிலேயே படியும். வாறுகாலுக்குள் 30 மீட்டருக்கு ஒரு முறை அடித்தளத்தை இரண்டடி ஆழமாக இறக்கி ஒரு தொட்டி அமையுங்கள். மண் அதில் தங்கும். மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை மண்வெட்டியால் அள்ளிவிடலாம். அள்ளிய மண்ணை வாறுகால் ஓரத்திலேயே போடுவதை மட்டும் தயவுசெய்து நிறுத்த வேண்டும். அடுத்த மழையில் அது அப்படியே உள்ளே திரும்பும்.

கிராவல் சாலைக்கு வாட்டம் எவ்வளவு வைக்க வேண்டும்?

வாட்டம் என்பது தண்ணீர் ஓரத்துக்கு ஓடும்படி சாலையின் நடுவிலிருந்து இருபுறமும் விடும் சரிவு. கிராவலுக்கு அது தார்ச்சாலையைவிட அதிகம் வேண்டும். தார்ச்சாலையில் 40-க்கு 1 போதும்: 6 மீட்டர் அகலச் சாலையில் நடுப்பகுதி ஓரத்தைவிட 7.5 செ.மீ. உயர்ந்திருக்கும். கிராவல் சொரசொரப்பானது, வண்டித் தடம் விழக்கூடியது. அதில் 25-க்கு 1 வேண்டும்; அதே சாலையில் 12 செ.மீ. உயரம். பல இடங்களில் கிராவலைப் பாய் விரித்ததுபோல் சமமாகப் பரப்பி, "தார் போடும்போது வாட்டம் கொடுத்துவிடுவோம்" என்கிறார்கள். அந்தப் பேச்சை ஏற்காதீர்கள். வாட்டம் அடியிலிருந்து வர வேண்டும். மேலே மட்டும் தாரைக் கூட்டிக் குறைத்து வாட்டம் கொண்டுவருவது செலவுக்கும் கேடு, ஆயுளுக்கும் கேடு.

முதல் மழை முடிந்ததும் தடங்களும் குழிகளும் தெரியும். அப்போதே கிராவலைக் கிளறி, நனைத்து, உருளையை ஓட்டி வாட்டத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். குழிக்குள் கட்டட இடிபாட்டைக் கொட்டுவதால் குழி பக்கத்துக்கு நகர்கிறதே தவிர வேறு பயன் இல்லை.

எங்கள் நிலம் தாம்பாளம் மாதிரி தட்டையாக இருக்கிறது. தண்ணீரை எங்கே கொண்டுபோவது?

இதுதான் நம் மாவட்டத்தின் தலையாய கேள்வி. மனைப்பிரிவு போடுகிறவர் முதல் நாள் கேட்க வேண்டிய கேள்வியும் இதுவே.

தெருவிலிருந்து தொடங்காதீர்கள், தண்ணீர் கடைசியாகச் சேரும் இடத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள். நம் பகுதியில் அது பெரும்பாலும் ஒரு கண்மாய், ஊருணி அல்லது ஓடை. அங்கே போய் இரண்டு மட்டங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஒன்று அதன் தரை, மற்றொன்று கார்த்திகையில் அது நிறைந்து நிற்கும் மட்டம். கண்மாயில் கலுங்கின் (மிகைநீர் வழிந்தோடும் கற்கட்டு) உச்சி எந்த உயரமோ அதுவே நிறைமட்டம். சித்திரையில் அளவெடுக்கும் ஆள், காய்ந்த கண்மாயைப் பார்த்து "நல்ல பள்ளம், தண்ணீர் ஓடிவிடும்" என்று எழுதிவிட்டுப் போவார். கார்த்திகையில் கண்மாய் நிறைந்ததும், வாறுகாலின் வாய் தண்ணீருக்குள் மூழ்கி, கண்மாய்த் தண்ணீர் தெருவைப் பார்த்து எதிரேறும்.

நிறைமட்டத்திலிருந்து மனைப்பிரிவை நோக்கி 500 மீட்டருக்கு 1 மீட்டர் வீதம் ஏறிக்கொண்டு வாருங்கள். 250 மீட்டர் தூரத்துக்கு அரை மீட்டர். அதற்கு மேல் வாறுகாலின் ஆழம். அதற்கு மேல் சாலையின் வாட்டம். இப்படிக் கூட்டிக்கொண்டே வந்தால், தெருவின் இறுதி மட்டம் என்னவாக இருக்க வேண்டும் என்பது தானாகக் கிடைத்துவிடும். அந்த மட்டத்துக்கு நிலத்தை நிரப்ப வழியில்லை என்றால், அந்த இடத்தில் மனை போடுவதையே மறுபடி யோசிக்க வேண்டும். இதைச் சொல்லி ஒரு வேலையை இழந்திருக்கிறேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன்.

இன்னொன்று. நிலம் தட்டையாகத் தெரிந்தாலும் தண்ணீருக்குப் பழைய பாதை ஒன்று இருந்திருக்கும். இராமநாதபுரம் மழையை நம்பிக் கண்மாய் வெட்டி வாழ்ந்த சீமை. கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால்கள் வயலுக்கு வயல் ஓடின. கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள புலப்படத்திலும் (நிலத்தின் அளவு வரைபடம்) அ-பதிவேட்டிலும் (நிலத்தின் வகையைச் சொல்லும் கிராமப் பதிவேடு) வாய்க்கால் புறம்போக்கு என்று எதாவது பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாடு அரசின் இணையவழி நிலப்பதிவுச் சேவையிலும் இவற்றைப் பார்க்கலாம். அந்த வாய்க்காலை மண்ணடித்து மூடி அதன் மேல் தெரு போட்டிருந்தால், எத்தனை வாறுகால் கட்டினாலும் மழைத் தண்ணீர் அங்கேதான் வந்து நிற்கும்.

கடல் அரைக் கிலோமீட்டர்தானே, நேரே கடலுக்கு விட்டுவிடலாமே?

கேட்க எளிது. மூன்று தடைகள் இருக்கின்றன. கடற்கரையை ஒட்டிய மணல்மேடு பெரும்பாலும் உட்பகுதியைவிட உயரம். தண்ணீர் அதைத் தாண்ட வேண்டும். மேட்டை வெட்டிக் குழாய் போட்டாலோ, அலை கொண்டுவரும் மணல் அந்த வாயை ஓரிரு வாரத்தில் மூடிவிடும். ஓடைகளின் முகத்துவாரங்களே மூடிக்கொள்வதை நம் மீனவர்கள் ஆண்டுதோறும் பார்க்கிறார்கள். மணல்மேட்டை வெட்டுவதற்குக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளும் குறுக்கே நிற்கும்.

நான்காவதாக ஒன்றை மனசாட்சிக்காகச் சொல்கிறேன். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. பவளப்பாறைக்கும் கடற்புல்லுக்கும் வெளிச்சம் வேண்டும். கலங்கல் படிந்தால் அவை மூச்சுத் திணறும். செம்மண் கரைந்த தெருத்தண்ணீரைக் குழாய் வைத்துக் கடலில் கொட்டுவது மீன்பாட்டையே குலைக்கும் காரியம். நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருக்கும் ஊரில், கிடைத்த மழையைக் கடலுக்குத் துரத்துவதும் எனக்கு ஒப்பவில்லை. முதலில் ஊருணி, மிச்சம் இருந்தால் ஓடை.

இது மணல் பூமி. தண்ணீரைத் தானாக உறிஞ்சிக்கொள்ளாதா?

ஆவணி வரை உறிஞ்சும். கார்த்திகையில் நம்ப முடியாது.

மணலின் உள்ளே இடம் இருந்தால்தான் அது தண்ணீரை வாங்கும். மழைக்காலத்தின் நடுவில் கடலோரக் கிணறுகளை எட்டிப் பாருங்கள். கையால் மொண்டுவிடலாம் போல் தண்ணீர் மேலே நிற்கும். உறிஞ்சுகுழியின் அடிப்பகுதிக்கும் மழைக்கால நிலத்தடி நீர்மட்டத்துக்கும் இடையே ஒரு மீட்டராவது இடைவெளி வேண்டும். இல்லையேல் அது தண்ணீர் நிற்கும் இன்னொரு குழி மட்டுமே.

தெருவில் கொட்டிய செம்மண் கிராவலையும் மறந்துவிடக் கூடாது. உருளை ஓட்டி இறுக்கிய பிறகு அது மணலுக்கு மேல் மூடி போட்டதுபோல் ஆகிவிடுகிறது. மழை இறங்காது, ஓடத்தான் செய்யும்.

2024 நவம்பர் 20-ஆம் தேதி இராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. தங்கச்சிமடமும் பாம்பனும் மண்டபமும் தத்தளித்தன. அவ்வளவும் மணற்பாங்கான பகுதிகளே. அப்படிப்பட்ட மழைக்கு எந்தத் தெரு வாறுகாலும் முழுதாக ஈடுகொடுக்காது. ஆனால் தண்ணீர் சில மணி நேரத்தில் வடிவதும் ஒரு வாரம் நிற்பதும் வாறுகாலின் வாய் திறந்திருந்ததா என்பதைப் பொறுத்தது.

உறிஞ்சுகுழிகளை வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டுக்கு ஒன்று கட்டாயம் வையுங்கள். 1000 சதுர அடி மாடியில் 1 செ.மீ. மழைக்குச் சுமார் 900 லிட்டர் தண்ணீர் சேரும். நாற்பது வீட்டுக்காரர்களும் அந்தக் குழாயைத் தெருவில் இறக்கினால் தெரு என்ன செய்யும்? மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003 முதலே எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம்.

வாறுகால் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

5 ஏக்கர் மனைப்பிரிவு என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 5 செ.மீ. மழை. விழுவது ஏறத்தாழ 10 லட்சம் லிட்டர். பாதி மண்ணில் இறங்கியும் தங்கியும் போனால், மீதி 5 லட்சம் லிட்டர் ஒரு மணி நேரத்தில் ஓட வேண்டும். விநாடிக்கு 140 லிட்டர்.

ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கான்கிரீட் வாறுகாலில் 35 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் ஓடினால், 500-க்கு 1 சரிவில் விநாடிக்குச் சுமார் 125 லிட்டர் போகும். சரிவு 1000-க்கு 1 ஆகக் குறைந்தால் 90 லிட்டருக்கும் கீழே. முதல் கணக்கிலேயே அடியில் 10 செ.மீ. மண் படிந்திருந்தால் 80 லிட்டர்தான். ஆக, ஒரே வாறுகாலில் எல்லாவற்றையும் கொண்டுபோய்ச் சேர்க்காமல் இரண்டாகப் பிரிப்பது உத்தமம். மண்ணை அள்ளுவதால் கிடைக்கும் பயன் எவ்வளவு என்பதும் இந்தக் கணக்கிலேயே தெரிகிறது.

தெரு மட்டமே முடிவாகவில்லை. வீட்டின் தரைமட்டத்தை எதை வைத்து முடிவு செய்வது?

இன்றைய தெருவை வைத்து முடிவு செய்யாதீர்கள். இறுதிச் சாலை மட்டம் எதுவென்று மனை விற்றவரிடம் எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல்லாக "இன்னும் ஒரு அடி வரும்" என்றால் போதாது. ஒரு நிலையான இடத்தில் அதைக் கோடாக வரைந்து காட்டச் சொல்லுங்கள். மேல்நிலைத் தொட்டியின் தூண், குழாய்ப் பாலத்தின் கைப்பிடிச் சுவர் போன்றவை ஏற்றவை. மின்கம்பம் வேண்டாம், மணலில் கம்பம் சாய்கிறது.

அந்தக் கோட்டிலிருந்து உங்கள் மனைக்கு மட்டத்தைக் கொண்டுவருவதற்குப் பெரிய கருவி தேவையில்லை. மட்டம் பார்க்கக் கொத்தனார் வைத்திருக்கும் கண்ணாடி போன்ற டியூப் போதும். குழாயில் தண்ணீரை நிரப்பி, உள்ளே ஒரு குமிழிகூட இல்லாமல் தட்டி வெளியேற்றுங்கள். ஒரு முனையைக் கோட்டில் பிடிக்க, மறுமுனையில் தண்ணீர் நிற்கும் உயரமே உங்கள் வாசலில் வரப்போகும் சாலை. அதற்கு மேல் இரண்டடியாவது வைத்து வீட்டின் தரையை அமையுங்கள். தாழ்ந்த பகுதி என்றால் மூன்றடி.

வாசலுக்கு வண்டி ஏற வாறுகாலின் மேல் சாய்தளம் போடலாமா?

போடலாம், எடுக்கக்கூடிய பலகைக் கற்களாக. இரண்டடி அகலக் கான்கிரீட் பலகைகள் நான்கைந்தை அடுக்கினால் கார் ஏறும். வேண்டும்போது கடப்பாறையால் தூக்கிச் சுத்தம் செய்யலாம். மண்ணைக் கொட்டி வாறுகாலை நிரப்பி அதன் மேல் சிமெண்ட் பூசுவதும், 4 அங்குலக் குழாய் ஒன்றைப் புதைத்துவிட்டு "தண்ணீர் போகுமே" என்பதும் மேல்தெருக்காரர்களுக்கு இழைக்கும் அநியாயம்.

வீட்டு வேலைக்கு இறக்கிய மணலும் ஜல்லியும் தெருவில்தான் கிடக்கின்றன. என்ன செய்வது?

ஐப்பசி பிறந்த பிறகு மனைக்குள் இறக்குங்கள். இடமே இல்லையென்றால் வாறுகால் ஓரத்தை விட்டு எதிர்ப்பக்கம் குவித்து, சுற்றிலும் ஒரு வரிசை செங்கல் அடுக்கி, தார்ப்பாய் போட்டு மூடுங்கள். இரவு மழையில் ஒரு லாரி மணல் கரைந்து வாறுகாலுக்குள் போவதைப் பார்த்தவர்கள் இதைச் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மணல் விற்கும் விலையும் அப்படி.

கழிவுநீரை வாறுகாலில் விடலாமா?

கூடாது. நம் கடலோரத்தில் கிணற்றுநீர் மேலேயே இருப்பதால், வாறுகாலில் விட்டது பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கே போய்ச் சேரும். குளியலறைத் தண்ணீரும் அப்படித்தான்.

தார் போடுவதற்கு முன் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்?

ஒரு மழைக்காலம் ஜல்லி அடுக்கின் மேல் கழிய விடுங்கள் என்பதே என் முதல் யோசனை. எங்கெங்கே நிற்கிறது என்று மழையே காட்டிவிடும். நின்ற இடங்களைச் சுண்ணாம்பால் வட்டமிட்டு, கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். தை, மாசியில் அந்த இடங்களைச் சரிசெய்துவிட்டு, வெயில் காலத்தில் தார் போடலாம்.

தார் போடும் வாரத்தில் நேரில் நின்று பார்க்க வேண்டியவை சில உண்டு. சேம்பர் (அடைப்பு எடுக்க இறங்கும் குழி) மூடிகளையும் வாறுகால் வாய்களின் கிராதிகளையும் (கம்பி வலை மூடி) புது மட்டத்துக்கு முதலில் ஏற்றிவிட்டு அப்புறம் தார் போட வேண்டும். பல ஊர்களில் மூடியின் மேலேயே தாரை ஊற்றிவிட்டுப் போகிறார்கள். மறுவருடம் அடைப்பு எடுக்க வருகிறவர் சேம்பரைத் தேடித் தெருவையே கொத்த வேண்டியிருக்கிறது. கிராதி மட்டும் சாலையைவிட ஒரு விரற்கடை தாழ்ந்திருக்கட்டும். சமமாக வைத்தால் சாலை அழுந்தியதும் கிராதி மேடாகிவிடும். இடைக்காலச் சன்னல்களை அடைத்த பிறகு, புது வாய்கள் திறந்திருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகக் கையை விட்டுப் பாருங்கள்.

தண்ணீர் லாரி ஒன்றை வரவழைத்துத் தெருவின் மேட்டில் திறந்துவிடச் சொல்லுங்கள். அரை மணி நேரத்தில் வாட்டத்தின் குறைகள் தெரிந்துவிடும். பணம் கொடுத்து முடிப்பதற்கு முன் இதைச் செய்ய வேண்டும்.

பிற்காலத்தில் மறுபடியும் தார் போட வரும்போது பழைய தளத்தைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே போட்டால், தெரு உயர்ந்து வீடுகள் பள்ளத்தில் போய்விடும். சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில்தான் புதிய தளம் போட வேண்டும் என்று தமிழ்நாடு தலைமைச் செயலாளர் 2021-இல் அறிவுறுத்தியிருக்கிறார். வேலை தொடங்கும் நாளில் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

இடைக்காலத்தில் யார் பொறுப்பு? மனை விற்றவர் ஊராட்சியைக் காட்டுகிறார். ஊராட்சி அவரைக் காட்டுகிறது.

அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் சாலைகளைத் தானப்பத்திரம் மூலம் உள்ளாட்சி அமைப்பிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். அதனால் இடம் ஊராட்சியுடையது. ஆனால் சாலையும் வாறுகாலும் அமைத்துத் தருவதாக விற்பனை உடன்படிக்கையில் எழுதியிருந்தால், அந்தக் கடமை ஒப்படைத்ததோடு தீர்ந்துவிடாது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகள் 2016-ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவு செய்யப்பட வேண்டும். மனை கைக்கு வந்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் வேலைத்தரத்திலோ வசதிகளிலோ குறை கண்டு தெரிவித்தால், விற்றவர் தம் செலவில் 30 நாள்களுக்குள் சரிசெய்ய வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. தேதியிட்ட படங்களோடு பதிவுத் தபாலில் எழுதுங்கள். தொலைபேசியில் பேசியது எதற்கும் சான்றாகாது.

கண்மாய், ஓடை, புறம்போக்கு சம்பந்தப்பட்ட விஷயம் என்றால் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுக்கொடுங்கள். கிராமசபையிலும் எழுப்பித் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். தெருவில் உள்ள எல்லோரும் ஒரே மனுவில் கையெழுத்திட்டால் வேலை நடக்கிறது; இதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

நான் வளைகுடா நாட்டில் வேலை பார்க்கிறேன். இதையெல்லாம் எப்படிக் கண்காணிப்பது?

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்திலிருந்து அதிகம் வரும் கேள்வி இது. வீட்டாரை மூன்று படங்கள் அனுப்பச் சொல்லுங்கள். முதலாவது, வாறுகால் சுவரோரம் ஓர் அளவுகோலை நிறுத்தி, தெருவிலிருந்து சுவரின் உச்சி எத்தனை செ.மீ. என்று தெரியும்படி. இரண்டாவது, வாறுகால் முடியும் இடம். அது எதில் போய்ச் சேர்கிறது என்று தெளிவாகத் தெரிய வேண்டும். மூன்றாவது, மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்துத் தெருவின் காணொளி. பங்குனி வெயிலில் எடுத்த படத்தைப் பார்த்து மனை வாங்காதீர்கள். இந்த மாவட்டத்தில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் பெய்கிறது. மற்ற மாதங்களில் எல்லாத் தெருவும் நல்ல தெருதான்.

இப்போதே மழை கொட்டுகிறது, தெருவில் முழங்கால் தண்ணீர். உடனடியாக என்ன செய்வது?

மின்கம்பம், கட்டுமான வேலைக்கு இழுத்த தற்காலிக ஒயர் இவற்றின் அருகே யாரையும் விடாதீர்கள். ஒயர் தண்ணீரில் கிடந்தால் மின்வாரியத்தின் 94987 94987 என்ற எண்ணில் சொல்லி, இணைப்பைத் துண்டித்த பிறகுதான் தெருவில் இறங்க வேண்டும். மூடியில்லாத சேம்பர், தோண்டிய குழி இருக்கும் இடங்களில் நீண்ட கம்பை நட்டுச் சிவப்புத் துணி கட்டுங்கள்.

பிறகு வாறுகாலின் கடைசி முனைக்குப் போங்கள். அங்கே அடைப்பு இருந்தால் மேலே எவ்வளவு வெட்டினாலும் பயன் இல்லை. கீழிருந்து மேலாக அடைப்பை எடுத்துக்கொண்டு வாருங்கள். மோட்டார் வைத்து இறைப்பதென்றால் தண்ணீர் எங்கே போய் விழுகிறது என்று பார்த்துவிட்டு ஓட்டுங்கள். பக்கத்துக் குடியிருப்பு தாழ்வாக இருக்கிறதென்று அந்தப் பக்கம் கரையை வெட்டிவிடுவது சண்டையில் முடியும். அவர்கள் வீட்டிலும் கைக்குழந்தைகளும் முதியவர்களும் இருக்கிறார்கள். வீட்டுக்குள் தண்ணீர் ஏறும் நிலை வந்தால் மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077.

தண்ணீர் வடிந்ததும் சுவர்களில் அது நின்ற உயரத்தை, காய்வதற்குள், கரிக்கட்டையால் கோடிட்டுத் தேதியை எழுதிவையுங்கள். தெருவில் ஐந்தாறு வீடுகளில் அந்தக் கோடு இருந்தால், அடுத்த ஆண்டு சாலை மட்டம் எடுக்க வருகிறவரிடம் அதைக் காட்டித்தான் பேச்சையே தொடங்க வேண்டும்.